எது அதே நடனம்?

நவீன நடனப் படைப்பு ஒன்றை வேறொரு குழு ஆட விரும்பினால் முதலில் உரிமம் பெற வேண்டும். படைத்தவர் உயிரோடிருந்தால் அவரிடமோ அவரது குழுவிடமோ விண்ணப்பம் போகும். இறந்துவிட்டால் அவர் பெயரில் இயங்கும் அறக்கட்டளைக்குப் போகும். ஒப்பந்தம் கையெழுத்தானபின் குழுவுக்கு என்னென்ன கிடைக்கும் என்பது ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றுதான். இத்தனை மாதத்துக்குள் இத்தனை முறை ஆடலாம் என்ற அனுமதி கிடைக்கும். நேரில் வந்து தங்கிக் கற்றுத்தரப் பயிற்றுநர் ஒருவர் வருவார். பழைய நிகழ்ச்சிகளின் வீடியோப் பதிவுகள், ஒளியமைப்பு வரைபடம், உடை பற்றிய குறிப்புகள் வந்து சேரும். இசைக்கான அனுமதியைப் பெரும்பாலும் தனியே வாங்கிக்கொள்ள வேண்டும். கெடு முடிந்தால் எல்லாம் முடிந்தது. ஆடியவர்களின் உடம்பில் நடனம் ஊறியிருக்கும். ஆனால் அதை மேடையில் ஆட உரிமை இருக்காது.

ஓவியம் விற்றால் ஒரு பொருள் கைமாறுகிறது. நாடகத்துக்கு உரிமம் வாங்கினால் அச்சிட்ட பிரதி கைக்கு வருகிறது. நடனத்தில் கைமாறுவது எது? முதன்முதலில் ஆடியவர்கள் இன்று இல்லை, அந்த அரங்கு இல்லை, பார்த்தவர்களும் இல்லை. புதிய குழு ஆடுவதை எதை வைத்து ‘அதே படைப்பு’ என்று சொல்வது? தத்துவத்தில் இதை அடையாளச் சிக்கல் என்பார்கள். நடன உலகில் இது வெறும் ஏட்டுச் சிக்கல் அன்று. உரிம ஒப்பந்தத்தின் ஒவ்வொரு ஷரத்தும் இதற்கு ஏதோ ஒரு விடையைத் தனக்குள் வைத்திருக்கிறது. உடையை மாற்றக் கூடாது என்றால், உடையும் படைப்பின் உறுப்பு என்று ஆகிறது. அறக்கட்டளை அனுப்பும் பயிற்றுநர்தான் கற்றுத்தர வேண்டும் என்றால், காகிதத்திலும் வீடியோவிலும் படைப்பு முழுதாக அடங்கவில்லை என்று ஆகிறது. ஆடுபவர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பயிற்றுநருக்கே என்றால், எந்த உடம்பு ஆடினாலும் நடனம் அதுவாகவே இருக்கும் என்ற நம்பிக்கை ஒப்பந்தத்தை எழுதியவருக்கு இல்லை என்று பொருள். இந்த ஒப்பந்தங்களை எழுதும் வழக்கறிஞர்கள் தத்துவம் எழுதுவதாக நினைத்திருக்கமாட்டார்கள். ஆனாலும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அமெரிக்கத் தத்துவ அறிஞர் நெல்சன் குட்மன் 1968இல் வெளியிட்ட நூலில் கலைகளை இரண்டாகப் பிரித்தார். ஓவியத்தில் மூலமும் போலியும் உண்டு. எவ்வளவு துல்லியமாக நகலெடுத்தாலும் நகல் நகல்தான். இசை அப்படியில்லை. ஸ்வரக்குறிப்பில் உள்ளபடி வாசித்த ஒவ்வொரு கச்சேரியும் அந்தப் படைப்பே. குறியீடு இருப்பதால் எது படைப்புக்குக் கட்டாயம், எது வாசிப்பவரின் விருப்பம் என்று பிரித்துவிட முடிகிறது. நடனத்துக்கும் தகுந்த குறியீடு அமைந்துவிட்டால் அதுவும் இசையின் பக்கம் சேர்ந்துவிடும் என்பது குட்மனின் எண்ணம். அவர் மனத்தில் இருந்தது ருடால்ஃப் லாபன் 1928இல் வெளியிட்ட குறியீட்டு முறை.

லாபன் குறியீட்டைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். செங்குத்தாக மூன்று கோடுகள்; நடுக்கோடு உடம்பின் நடு. அதற்கு வலப்பக்கம் வலக்கை வலக்கால், இடப்பக்கம் இடக்கை இடக்கால். நடுக்கோட்டை ஒட்டிய பத்தியில் உடல் எடை எந்தக் காலில் இருக்கிறது என்பது வரும். வெளியே போகப் போகக் காலசைவு, உடல், கை. ஒவ்வொரு குறியின் வடிவமும் திசையைக் காட்டும். உள்ளே கறுப்பாக இருந்தால் தாழ்நிலை, புள்ளி இருந்தால் நடுநிலை, கோடுகள் இருந்தால் உயர்நிலை. குறியின் நீளம் அசைவு எடுத்துக்கொள்ளும் நேரம். திசை, உயரம், காலம், எந்த உறுப்பு என்ற நான்கையும் ஒரே குறியில் அடக்கிய இந்த முறை உண்மையிலேயே மேதைமை. 1940இல் நியூயார்க்கில் தொடங்கிய நடனக் குறியீட்டு நிறுவனம் இதைப் பரப்பியது. ‘கிஸ் மீ, கேட்’ இசைநாடகத்துக்கு ஹன்யா ஹோல்ம் அமைத்த நடனங்களை இந்தக் குறியீட்டில் எழுதி 1952இல் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்தார்கள். அப்போதும் அந்நாட்டுச் சட்டத்தில் நடனத்துக்குத் தனி இடம் கிடையாது; கதை சொன்னால் நாடகம் என்ற பெயரில் நுழையலாம், அவ்வளவே. 1976இல் இயற்றி 1978 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம்தான் நடன அமைப்பை அதன் பெயர் சொல்லிப் பாதுகாத்தது. அதற்கும் ஒரு நிபந்தனை: குறியீடாகவோ படமாகவோ பதிந்திருக்க வேண்டும்.

சட்டத்துக்கு அது போதும். நடனத்துக்குப் போதுமா என்பதற்கு டோரிஸ் ஹம்ஃப்ரி 1928இல் அமைத்த ‘வாட்டர் ஸ்டடி’ நல்ல சோதனை. இசை கிடையாது. தரையில் குனிந்து சுருண்டிருக்கும் பெண்களின் முதுகுகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பி அலை மேடையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஓடும். எண்ணிக்கை சொல்ல யாரும் இல்லை. பக்கத்திலிருப்பவர் மூச்சிழுப்பதைக் கேட்டு அடுத்தவர் மூச்சிழுக்க வேண்டும். இதற்கும் குறியீட்டுப் பிரதி உண்டு. முதுகு எந்தக் கோணத்தில் வளைகிறது என்று அதைப் பார்த்துச் சொல்லிவிடலாம். கூட்டமே ஒரே மூச்சில் இருக்கிறதா, அல்லது ஒவ்வொருவரும் மனத்துக்குள் எண்ணிக்கொண்டு ஆடுகிறார்களா என்பதை அறையில் நிற்பவர்தான் சொல்ல முடியும். குட்மன் கணக்கில் இரண்டுமே சரியான ஆட்டம். ஹம்ஃப்ரியின் வழியில் பயின்றவர் இரண்டாவதை நிறுத்தச் சொல்லிவிடுவார். பெரும்பாலான நடனங்களுக்குப் பிரதி ஆடி முடிந்தபின் எழுதப்பட்டது என்பதையும் குட்மன் அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. இசையில் பிரதியைப் பார்த்து வாசிக்கிறார்கள். நடனத்தில் ஆடியதைப் பார்த்துப் பிரதி எழுதுகிறார்கள். அப்படியானால் எழுதிய பிரதி சரியா என்பதைத் தீர்மானிக்கவும் அதற்கு வெளியே ஓர் அளவுகோல் வேண்டியிருக்கிறது.

வீடியோ வந்தபின் இந்தக் கவலை தீர்ந்தது என்று பலர் நினைத்தார்கள். வீடியோ பதிவு செய்வது படைப்பை அல்ல, ஓர் இரவை. அன்று ஒருவருக்குக் கால் பிசகியிருக்கலாம், ஒருத்தி அரை நொடி தாமதமாக நுழைந்திருக்கலாம். அதைப் பார்த்துக் கற்பவருக்குப் பிசகும் பாடம்தான். இதில் இன்னொரு சிக்கல், சில பிசகுகள் உண்மையிலேயே பாடமாகிவிடுவது. ஜார்ஜ் பாலஞ்சின் 1934இல் ‘செரனேட்’ பாலேயை மாணவிகளைக் கொண்டு அமைத்துக்கொண்டிருந்தபோது ஒருத்தி கீழே விழுந்தாள், இன்னொருத்தி தாமதமாக வந்தாள். இரண்டையும் அவர் நடனத்தில் சேர்த்துக்கொண்டார். இன்றும் ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் ஒருத்தி விழுகிறாள், ஒருத்தி தாமதமாக வருகிறாள். எந்தத் தடுமாற்றம் படைப்பு, எது வெறும் தடுமாற்றம் என்று திரையில் எழுதியிருக்காது.

ஆகவே எல்லாம் கடைசியில் பயிற்றுநரிடம் வந்து நிற்கிறது. அவர் முன்பு அந்தக் குழுவில் ஆடியவராக இருப்பார். தான் கற்ற விதத்தைத் தருவார். அவருக்குப் பத்து வருடம் முன்னால் ஆடியவர் வேறு விதமாகக் கற்றிருப்பார், ஏனெனில் படைத்தவரே இடையில் மாற்றியிருப்பார். பாலஞ்சின் தம் 1928ஆம் ஆண்டுப் படைப்பான ‘அப்பல்லோ’வில், அரை நூற்றாண்டு கழித்து 1979இல், தொடக்கத்தில் வரும் பிறப்புக் காட்சியையே வெட்டி எறிந்தார். இன்று இரண்டு வடிவமும் மேடையேறுகின்றன. கர்நாடக இசை கேட்டு வளர்ந்தவருக்கு இது விசித்திரமாகப் படாது. ஒரே கிருதிக்கு இரண்டு பாடாந்தரம் இருந்தால் ஒன்று பொய் என்று யாரும் வழக்குப் போடுவதில்லை. இது இன்னார் வழி, அது இன்னார் வழி என்று கேட்டுக்கொள்கிறார்கள். ஆனால் உரிமம் என்ற ஏற்பாடு பாடாந்தரங்களைத் தாங்காது. ஒப்பந்தத்தில் ஒரு தலைப்பும் ஒரு வடிவமும்தான் எழுத முடியும்.

இதற்கு மாறாக, எல்லாருக்கும் திறந்துவிட்டால் என்ன ஆகும் என்பதையும் ஒருவர் சோதித்துப் பார்த்திருக்கிறார். யுவான் ரெய்னர் 1966இல் அமைத்த ‘ட்ரையோ ஏ’ சில நிமிட நடனம். பயிற்சி பெற்ற நடனக்காரர்தான் ஆட வேண்டும் என்பதில்லை. ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே சீரான விசையில் அசைவுகள் தொடரும். ஆடுபவர் பார்வை ஒருமுறைகூடப் பார்வையாளரைச் சந்திக்காது. கற்றவர் எவரும் பிறருக்குக் கற்றுத்தரலாம் என்று ரெய்னர் முதலில் விட்டுவிட்டார். அவர் அந்தக் காலத்தில் நம்பிய சமத்துவத்துக்கு அது பொருந்தியது. நடனம் கைமாறிக் கைமாறிப் போய்த் திரும்பி வந்தபோது அவருக்கே அடையாளம் தெரியாத வடிவங்களைக் கண்டார். பிறகு சிலரை மட்டும் கற்றுத்தர அங்கீகரித்தார். கொள்கையில் பின்வாங்கினார் என்று இதைக் குறை சொன்னவர்கள் உண்டு. அதைவிட இதில் ஒரு தர்க்க நிர்ப்பந்தம் தெரிகிறது. விதியைப் பின்பற்றுகிறோம் என்று நினைப்பதும் உண்மையில் பின்பற்றுவதும் வேறு வேறு என்பது தத்துவ அறிஞர் விட்கன்ஸ்டைன் வலியுறுத்திய செய்தி. இரண்டுக்கும் வேறுபாடு இருக்க வேண்டுமானால் “அப்படியில்லை, இப்படி” என்று திருத்த யாரேனும் இருக்க வேண்டும். திருத்த ஆளில்லாத இடத்தில் எல்லா ஆட்டமும் சரி. எல்லாம் சரி என்றால் ‘ட்ரையோ ஏ’ என்ற பெயருக்குப் பொருளில்லை.

இங்கே உடைமையும் அடையாளமும் பிரிகின்றன. நடன அமைப்பாளர் மார்த்தா கிரகாம் 1991இல் இறந்தபோது உயிலின்படி எல்லாம் ஒரு நண்பருக்குப் போயின. அவருக்கும் கிரகாம் நிறுவிய மையத்துக்கும் பகை மூண்டு, 2000இல் குழுவே ஆட்டத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. 2002இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் 70 படைப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தது. 45 மையத்துக்கு, 10 பொதுவுடைமை, மற்றும் சில வேறு வகை. வாரிசுக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று. காரணம் எளிமையானது, கேட்டால் திடுக்கிட வைப்பது. கிரகாம் தம் பழைய படைப்புகளின் உரிமையை மையத்துக்கே விட்டிருந்தார். பிற்காலப் படைப்புகளை மையத்தின் ஊழியராகச் சம்பளம் வாங்கிக்கொண்டு அமைத்தார், ஆகவே அவை முதலாளிக்குச் சொந்தம். தம்மிடம் இல்லாததை உயிலில் எழுத முடியாது. 2004இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சில திருத்தங்களோடு இதைப் பெரும்பாலும் உறுதி செய்தது. கிரகாமின் நடனங்கள் கிரகாமுக்கே சொந்தமில்லை என்று நாடே பேசியது. ஆனால் அந்தத் தீர்ப்பால் ஒரு நடனத்தின் ஓர் அசைவுகூட மாறவில்லை. ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, நீளும் துணிக்குழாய்க்குள்ளிருந்து கைகாலால் துணியை இழுத்து இழுத்துத் துக்கத்தைக் காட்டும் ‘லேமென்டேஷன்’, 1930இல் எதுவோ அதுவேதான். யாருடையது என்ற கேள்வி எது என்ற கேள்விக்கு விடை ஆகாது.

இந்தியாவிலும் இதற்கு நிகரான வழக்கு உண்டு. கன்னட எழுத்தாளர் சிவராம காரந்த் யக்ஷகானத்தைச் சீரமைத்து பாலே வடிவம் ஒன்றை உருவாக்கினார். 1997இல் அவர் மறைந்தபின் மணிப்பாலிலிருந்த கல்வி அமைப்பு அதை அனுமதியின்றி மேடையேற்ற, உயிலின் மூலம் உரிமை பெற்றவர் வழக்குத் தொடுத்தார். உச்ச நீதிமன்றம் 2009இல் அளித்த தீர்ப்பில், அந்தப் படைப்பு நாடகப் படைப்பு என்ற வகையில் பதிப்புரிமை பெறும் என்றும், உயில் மூலம் உரிமை வழக்குத் தொடுத்தவருக்கே என்றும் ஏற்றது. சட்டத்திலுள்ள விதிவிலக்குகள் பொருந்தும் என்பதையும் தெளிவாக்கியது. யக்ஷகானம் கர்நாடகக் கடலோர மக்கள் பல தலைமுறையாக ஆடிவருவது. அதில் காரந்துக்கு உரியது அவர் செய்த மாற்றம் மட்டுமே. பரதத்தில் அடவு யாருக்கும் சொந்தமில்லை, அடவுகளைக் கோத்த கோர்வை ஒருவருடையதாகலாம் என்பது போன்ற நிலை. உள்ளதை உள்ளபடி ஆடினால் உரிமையில்லை, மாற்றினால்தான் உரிமை என்பது பதிப்புரிமையின் அடிப்படை. அப்படிப் பெற்ற உரிமையைக் கொண்டு மற்றவர்கள் மாற்றக் கூடாது என்று தடுப்பதும் அதே சட்டம்தான். மரபிலிருந்து கிளைத்த எல்லாப் படைப்பிலும் இந்த முரண் உள்ளுக்குள் இருக்கிறது.

இந்தியத் தத்துவ மரபில் இந்தச் சிக்கலின் மூல வடிவம் ஒலியைப் பற்றிய விவாதமாக நடந்தது. ஒலி நிலையானது, உச்சரிப்பு அதை வெளிப்படுத்துகிறதே தவிர உண்டாக்கவில்லை என்றது மீமாம்சை. இல்லை, ஒவ்வொரு முறையும் புதிதாகத் தோன்றி அழிகிறது, ஒரே எழுத்து என்று நாம் சொல்வது இனப்பொதுமையால் என்றது நியாயம். பௌத்தர்கள் பொதுமையையும் ஒப்பவில்லை. கணந்தோறும் அழிந்து கணந்தோறும் தோன்றும் விளக்குச் சுடரை ஒரே சுடர் என்று சொல்வது போலத்தான் எல்லாம். தொடர்ச்சி உண்டு, அடையாளம் இல்லை. நடனத்துக்குப் பொருத்திப் பார்த்தால், குறியீட்டை நம்புபவர் மீமாம்சகர். நிகழ்ச்சி எதுவானாலும் படைப்பு ஒன்று என்று உரிமம் விற்கும் அறக்கட்டளை நியாய வழி. மேடையில் வியர்வையோடு நிற்பவர் பெரும்பாலும் பௌத்தர். இந்தக் கணபங்க வாதத்தைத் தமிழில் ‘நீலகேசி’ மறுத்து வாதிடுகிறது. சமணரும் சைவரும் அதற்கு எழுப்பிய தடை, வினை செய்தவன் ஒருவன், பயன் துய்ப்பவன் வேறொருவன் என்று ஆகிவிடுமே என்பது. அவர்கள் தேடியது வெறும் ஒற்றுமையை அல்ல, பொறுப்பு அறுந்துபோகாத ஒரு தொடர்ச்சியை. நடனத்துக்கும் பொருத்தமான அளவுகோல் இதுவாகத்தான் தெரிகிறது. முன்பு ஆடியவரின் திருத்தத்துக்குத் தன்னை ஒப்புக்கொடுத்து, பின்னால் வருபவரைத் திருத்தும் கடமையையும் ஏற்றுக்கொண்டு ஆடும் ஆட்டமே அதே நடனம். உரிமக் கட்டணம் அந்தக் கடமைக்கான ரசீது, கடமையே அல்ல.

மெர்ஸ் கன்னிங்ஹாம் இதை நன்றாகப் புரிந்துகொண்டவர் போலத் திட்டமிட்டார். தம் மறைவுக்குப் பின் குழு இரண்டு ஆண்டு உலகைச் சுற்றி ஆடிவிட்டுக் கலைய வேண்டும், படைப்புகள் அறக்கட்டளை வழியே பிறருக்குப் போக வேண்டும் என்று 2009இல் அறிவித்தார். அந்த ஜூலையில் காலமானார். 2011 டிசம்பர் 31 அன்று நியூயார்க்கில் குழு கடைசியாக ஆடியது. எண்பதுக்கும் மேற்பட்ட படைப்புகளுக்கு வீடியோ, இசை, ஒளி, அரங்கப் பொருள், அவரது கைக்குறிப்பு அனைத்தையும் தொகுத்து வைத்தார்கள். அவர் படைப்புகளில் நடனமும் இசையும் தனித்தனியே உருவாகி மேடையில்தான் சந்திக்கும். ஒத்திகையில் தாளம் கிடையாது, ஸ்டாப்வாட்ச் மட்டும். இசைக்கு ஆடிப் பழகிய குழு ஒன்று உரிமம் வாங்கி ஆடும்போது, காதில் விழும் ஒலிக்குத் தன்னையறியாமல் கால் ஒத்துப்போனால் அதுவே பெரும் பிழை. பார்ப்பவருக்கு அழகாகத் தெரியும், தொகுப்பிலுள்ள வீடியோவோடு ஒப்பிட்டால் அசைவும் சரியாகவே இருக்கும். ஸ்டாப்வாட்சோடு வளர்ந்த ஒருவர் அறையில் இருந்தால்தான் பிழை பிழையாகத் தெரியும்.

திருத்தம் என்றால் பழையதை அச்சடிப்பது என்று ஆகாது என்பதற்குச் சான்று பினா பாஷ். ஜெர்மனியின் வூப்பர்டாலில் 1978இல் அவர் அமைத்த ‘கொன்டாக்ட்ஹோஃப்’ ஒரு பழைய நடனக்கூடத்தில் நடக்கும். ஆண்களும் பெண்களும் வரிசையாக முன்னே வந்து பார்வையாளருக்குப் பல்லைக் காட்டுவார்கள், பக்கவாட்டில் திரும்புவார்கள், கையை நீட்டிக் காட்டுவார்கள். சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பது போல. 2000இல் அதையே 65 வயதுக்கு மேற்பட்ட, நடனக்காரர் அல்லாதவர்களுக்குக் கற்றுத்தந்தார். 2008இல் 14 வயதுக்கு மேற்பட்ட பதின்பருவத்தினருக்கு. எழுபது வயதுப் பெண் பல்லைக் காட்டுவதும் பதினைந்து வயதுப் பையன் காட்டுவதும் ஒரே அசைவு; பொருள் ஒன்றல்ல. முதியவரிடம் அது இழப்பின் கணக்கு, சிறுவனிடம் இன்னும் விலை குறிக்கப்படாத உடம்பின் பயம். 2024இல் மூலக் குழுவில் இருந்த சிலரே, பழைய பதிவுத் திரைக்கு முன்னால், இறந்துபோனவர்களின் இடங்களை வெற்றாக விட்டு அதை மீண்டும் ஆடினார்கள். நான்கும் அதே நடனம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, ஏனெனில் எல்லாவற்றிலும் கற்றுத்தரும் வரிசை அறவில்லை. அவரது 1975ஆம் ஆண்டு ‘ரைட் ஆஃப் ஸ்பிரிங்’ ஆப்பிரிக்காவின் 14 நாடுகளைச் சேர்ந்தவர்களிடம் போனபோதும் இதுவே நடந்தது. செனகலில் ஜெர்மைன் அகோனியின் நடனப் பள்ளியில் பழைய நடனக்காரர்கள் கற்றுத்தந்தார்கள். 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் அரங்கேற்றம் நின்றுபோக, கடைசி ஒத்திகை கடற்கரை மணலிலேயே நடந்தது. மேடை முழுக்க மண் பரப்பி ஆட வேண்டிய நடனம் அது. மணலில் கால் புதைந்து ஆடியது ஷரத்துப்படி சரியா என்று கேட்டு யாரும் நிறுத்தவில்லை.

பாஷும் கன்னிங்ஹாமும் ஒரு மாத இடைவெளியில், 2009 ஜூன் இறுதியிலும் ஜூலையிலும் மறைந்தவர்கள். ஜெர்மானியச் சட்டப்படி பாஷின் உரிமைகள் 2079 முடியும்வரை இருக்கும். அதன்பின் எவரும் கேட்காமல் ஆடலாம். பயிற்றுநரை வரவழைக்கும்படி யாரும் வற்புறுத்த முடியாது. வரிசை முற்றிலும் அறுந்த நடனத்துக்கு என்ன ஆகும் என்பதற்கு முன்னுதாரணம் உண்டு. நிஜின்ஸ்கி 1913இல் பாரிஸில் ஸ்ட்ராவின்ஸ்கியின் இசைக்கு அமைத்த ‘ரைட் ஆஃப் ஸ்பிரிங்’ சில முறையே மேடையேறி மறைந்தது. மில்லிசென்ட் ஹாட்சனும் கென்னத் ஆர்ச்சரும் ஓவியர் ஒருவர் அரங்கில் வரைந்த கோட்டுச்சித்திரங்கள், ஒத்திகையில் உடனிருந்த மரி ராம்பேர் இசைப்பிரதியில் எழுதிய குறிப்புகள், எஞ்சியவர்களின் நினைவுகள் ஆகியவற்றிலிருந்து பல ஆண்டு உழைத்து அதை மீட்டுருவாக்கினார்கள். ஜாஃப்ரி பாலே குழு 1987இல் லாஸ் ஏஞ்சலஸில் ஆடியது. இதில் எவ்வளவு நிஜின்ஸ்கி, எவ்வளவு ஊகம் என்ற சர்ச்சை இன்றும் ஓயவில்லை. மேலே சொன்ன அளவுகோலின்படி அது 1913ஆம் ஆண்டு நடனம் அல்ல, அதைப் பற்றிய மிக நல்ல ஆய்வு. ஆனால் 1987க்குப் பிறகு அதை ஆட விரும்பிய குழுக்களுக்கு அந்த இருவரே நேரில் போய்க் கற்றுத்தந்தார்கள், திருத்தினார்கள். 1987இல் பிறந்த அந்த நடனத்துக்கு இப்போது தனக்கென ஒரு வரிசை இருக்கிறது, அதற்கு உரிமமும் வாங்க வேண்டியிருக்கிறது.